அரக்குப் புட்டியும் தண்ணீர் பாட்டிலும்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று பாலாற்றுப் படுகையில் இருக்கும் ஊர்களைத் தோல் ஊர்கள் என்றுதான் நாடு அறியும். அந்தத் தோலுக்குப் பின்னால் எவ்வளவு மரம் இருந்தது என்பதை யாரும் பேசுவதில்லை. தோல் சுழலும் டிரம் மரத்தால் ஆனது. ஈரத்தோலை இழுத்து ஆணியடித்துக் காயவைத்தது மரப்பலகையில். ஷூவுக்கு வடிவம் கொடுக்கும் ‘லாஸ்ட்’ கட்டையும் நெகிழி வருவதற்கு முன் மரக்கட்டைதான். ஆகவே இந்த ஊர்களில் தச்சர்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. கம்பெனி வேலை போக, வீட்டுக்குப் பின்னால் சார்ப்பு இறக்கி, கதவு, கட்டில், கல்யாணச் சீருக்கு அலமாரி என்று செய்து கொடுத்தார்கள். அந்தச் சார்ப்பின் மூலையில் இருக்கும் பாலிஷ் அலமாரியைப் பற்றித்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

மரத்துக்குப் பூசும் சரக்கை எதில் ஊற்றி வைக்கிறோம், எப்படி எடுத்துப் புழங்குகிறோம் என்பது அற்ப விஷயமாகத் தோன்றலாம். கடந்த அறுபது ஆண்டுகளில் இதே ஊர்களில் தோல் கம்பெனிகளின் கெமிக்கல் ஸ்டோர் அடியோடு மாறி ஓர் ஒழுங்குக்கு வந்திருக்கிறது. வீட்டுப் பட்டறையின் அலமாரியோ முன்பு இருந்த ஒழுங்கையும் இழந்துவிட்டது. பூசும் சரக்கின் வீரியம் பன்மடங்கு ஏறிவிட்ட காலத்தில், அதை வைக்கும் பாத்திரம் மட்டும் மோசமாகிக்கொண்டே வந்திருக்கிறது. இது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

அன்றைய அலமாரியில் சரக்கு அதிகம் கிடையாது. அவலரக்கு ஒரு பொட்டலம், ஸ்பிரிட் ஒரு புட்டி, ஆளிவிதை எண்ணெய், டர்பன்டைன், வார்னிஷ் ஒரு டின், நிறத்துக்குக் காவிப்பொடி, கொஞ்சம் தேன்மெழுகு. இவற்றில் அரசன் அரக்குதான். குசும், புரசு, இலந்தை மரங்களின் கொப்புகளில் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. கொப்போடு ஒடித்து எடுத்தால் கொம்பரக்கு; சுரண்டிக் கழுவி, உருக்கி, மெல்லிய தாளாக இழுத்து நொறுக்கினால் அவலரக்கு. இன்றைய ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காட்டுப்பகுதிகள்தான் அதன் பிறப்பிடம். அரக்கு ஆராய்ச்சிக்கென்றே 1924இல் ராஞ்சியில் ஒரு நிலையம் தொடங்கப்பட்டது என்றால் அதன் மதிப்பைப் புரிந்துகொள்ளலாம்.

பிரெஞ்சு பாலிஷ் கடையில் வாங்கும் பொருளாக இல்லாமல் பட்டறையில் தயாராகும் பொருளாக இருந்தது. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 140 கிராம் அரக்கு என்பது மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பு சொல்லும் அளவு. தச்சர்கள் கைக்கணக்கில் போட்டாலும் ஏறத்தாழ அதே பதத்தில்தான் நிற்பார்கள். வாயகன்ற கண்ணாடி ஜாடியில் ஸ்பிரிட்டை ஊற்றி, அரக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் அடியில் கட்டி பிடித்துக்கொள்ளும். பிறகு நாள் கணக்கில் கிளறினாலும் கரையாது. அடுப்பருகே கொண்டுபோகக் கூடாது. அவ்வப்போது குலுக்கிவிட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டால் காலையில் செம்மஞ்சள் நிறத்தில் கரைந்து நிற்கும். பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, கழுத்து குறுகிய பழுப்புக் கண்ணாடிப் புட்டிக்கு மாற்றுவார்கள்.

தகர டப்பாவில் அதை வைக்கமாட்டார்கள். அரக்கில் அமிலத்தன்மை உண்டு. இரும்பு பட்டால் நாளடைவில் பாலிஷ் கறுத்துவிடும். அந்தக் கறுப்பு தேக்குப் பலகையில் ஏறினால் இழைத்துத்தான் எடுக்க வேண்டும். ரசாயனம் படித்துத் தெரிந்துகொண்டதல்ல இது. ஒரு கதவு பாழானதைப் பார்த்தவர் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்தது.

புட்டியின் தக்கையில்தான் தொழில் இருந்தது. தக்கையின் ஒரு பக்கத்தில் கத்தியால் மெல்லிய பள்ளம் ஒன்று கீறிவிடுவார்கள். புட்டியைக் கவிழ்த்தால் பாலிஷ் சொட்டுச் சொட்டாக மட்டுமே இறங்கும். பஞ்சை நைந்த மல்துணியில் பொதிந்து, உள்ளங்கையில் அடங்கும் அளவுக்கு உருட்டிக்கொண்டு, துணியைப் பிரித்து உள்பஞ்சில் ஐந்தாறு சொட்டு விடுவார்கள். மறுபடி பொதிந்து அமுக்கினால் துணி வழியாக ஈரம் கசியும். அந்தக் கசிவைக் கொண்டு மரத்தில் வட்டம் வட்டமாகவும் பிறகு எட்டுப் போட்டும் தேய்ப்பார்கள். துணி ஒட்டாமல் வழுக்க, வெளியே ஒரு துளி ஆளிவிதை எண்ணெய். சொட்டு இரண்டு கூடிப்போனால், புது ஸ்பிரிட் பழைய பூச்சைக் கரைத்து இழுத்துவிடும். முந்தின நாள் உழைப்பு சுருண்டு வரும். ஆகவே எவ்வளவு எடுப்பது என்பதும் எப்படித் தேய்ப்பது என்பதும் பிரிக்க முடியாத ஒரே வித்தையாக இருந்தன. வேலை முடிந்ததும் பஞ்சுருண்டையைத் தூக்கிப் போடுவதில்லை. மூடி இறுகும் சின்ன டப்பாவில் இரண்டு சொட்டு ஸ்பிரிட்டோடு போட்டு வைத்தால் மறுநாளைக்கு இளகி இருக்கும்.

பிரஷ்ஷால் அடிக்கும் முதல் பூச்சுக்குக் கொட்டாங்குச்சி. ஒரு கை ஏந்தும் அளவுக்கு மட்டும் அதில் பாலிஷ் ஊற்றிக்கொள்வார்கள். தூசி விழுந்த மிச்சத்தைத் திரும்பப் புட்டியில் ஊற்றுவது குற்றம்போலக் கருதப்பட்டது. எடுபிடிப் பையன் அப்படிச் செய்துவிட்டால் மேஸ்திரியிடம் வாங்கிக்கட்டிக்கொள்வான்.

கரைத்த அரக்குக்கு ஆயுள் உண்டு. ஸ்பிரிட்டோடு நாள்பட இருக்க இருக்க அது மெல்ல வேதிமாற்றம் அடைகிறது. ஆறு மாதம், ஓர் ஆண்டு கழித்துப் பூசினால் காயாமல் பிசுபிசுக்கும். வேலூர் வெயிலில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அதனால் வேண்டிய அளவுதான் கரைப்பார்கள். சந்தேகம் வந்தால் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். கொஞ்ச நேரத்தில் காய்ந்து நகத்துக்கு விறைப்பாக நின்றால் சரக்கு நல்லது. விரல்ரேகை பதிந்தால் கீழே கொட்ட வேண்டியதுதான். செலவில்லாத இந்தச் சோதனையை இன்றைக்கும் மிஞ்ச ஒன்றுமில்லை.

இத்தனை கட்டுப்பாட்டுக்கும் தொழில் பக்தி மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. சட்டமும் ஒரு காரணம். 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1939இல் இந்த ஊர்கள் அடங்கிய வட ஆற்காட்டுக்கு வந்தது. 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. குடிக்க வழியில்லாதவர்கள் ஸ்பிரிட்டையும் வார்னிஷையும் நாடினார்கள். கண் போனவர்கள் உண்டு, உயிர் போனவர்களும் உண்டு. மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் 1959இல் தனி விதிகளே வந்தன. ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால் என்ற வரிசையில் பிரெஞ்சு பாலிஷின் பெயரும் அந்த விதிகளின் தலைப்பிலேயே இருக்கிறது. வாங்க, விற்க, வைக்க எல்லாவற்றுக்கும் கணக்கு வந்தது. எண்ணெய்க்கடையில் போய்க் கேட்டதும் அளந்து ஊற்றித் தரும் சரக்காக அது இல்லை. ஆகவே பட்டறைக்காரர் அதைப் பூட்டி வைத்தார். போலீஸுக்குப் பயந்து செய்ததாக இருந்தாலும் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் இருந்தது.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆளிவிதை எண்ணெய் சீக்கிரம் காய வேண்டும் என்று மிருதார்சிங்கி போட்டுக் காய்ச்சுவது பழைய வழக்கம். அது ஈயம். அந்தப் புகையை மூச்சில் இழுத்தவர்களும், கைகழுவாமல் அதே கையால் பீடி பிடித்தவர்களும் எத்தனையோ பேர். வீட்டுப் பெயின்டுகளில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி 2016இல்தான் வந்தது. 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அந்த ஒரு விஷயத்தில் இன்றைய டின் அன்று காய்ச்சிய எண்ணெயைவிட எவ்வளவோ மேல்.

இதே அரக்கு பக்கத்துத் தோல் ஷாப்பிலும் இருந்தது. அங்கே ஸ்பிரிட்டுக்குப் பதில் வெங்காரம் அல்லது அம்மோனியா கலந்த தண்ணீரில் கரைப்பார்கள். பாலிலிருந்து எடுத்த கேசீன், முட்டை வெள்ளைக்கரு, நிறப்பொடி இவற்றோடு கலந்து, துணிப் பட்டையால் தோலின் மேல் கையால் தடவுவார்கள். காய்ந்ததும் கண்ணாடி உருளை பூட்டிய கிளேசிங் மெஷினில் அழுத்தித் தேய்த்தால் ஆட்டுத்தோல் பளபளக்கும். தச்சன் பஞ்சு பிடித்த விதமும் தோல் தொழிலாளி பட்டை பிடித்த விதமும் ஏறக்குறைய ஒன்று. இரண்டு தொழிலிலும் சரக்கைக் கலக்கியவர் கையே அதைப் பூசியது. உள்ளே என்ன இருக்கிறது என்று அந்தக் கைக்குத் தெரியும். இதைத்தான் நாம் பின்னால் இழந்தோம்.

இழந்த கதை 1973 வாக்கில் தொடங்குகிறது. 1972இல் அமைந்த சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி, பாதி பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. முழுதாக ஃபினிஷ் செய்த தோல், ஷூ, கைப்பை என்று அனுப்புங்கள் என்றது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டு மூட்டை கட்டிய ஊர்களில் ஃபினிஷிங் பிரிவுகள் எழுந்தன. கூடவே நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர், அதைக் கரைக்கும் தின்னர், பிறகு அக்ரிலிக், பாலியூரித்தேன் என்று டிரம் டிரம்மாகச் சரக்கு வந்து இறங்கியது. தோலின் மேல் தெளித்த லேக்கர்தான் மரத்துக்கும். வேலூர் லாங் பஜாரிலும் ஆம்பூர்க் கடைத்தெருவிலும் சீலர், தின்னர், மெலமைன், பியூ (பாலியூரித்தேனின் சுருக்கம்) என்ற பெயர்கள் புழக்கத்துக்கு வந்தன. பிரெஞ்சு பாலிஷ் போட நாள் கணக்கில் தேய்த்தவர்களுக்கு, மத்தியானம் தெளித்துச் சாயங்காலம் வண்டியில் ஏற்றலாம் என்பது பெரிய விடுதலை. தண்ணீர் தம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும் குறை அரக்குக்கு உண்டு. பியூவுக்கு அது கிடையாது. மாறியதில் தப்பே இல்லை.

கம்பெனிகளுக்குள் அடுத்த மாற்றம் நீதிமன்றத்தின் வழியாக வந்தது. பாலாற்று நீர் பாழானதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும், கெடுதல் வரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று இந்த ஊர்களின் பெயரால்தான் நிலைநாட்டப்பட்டது. தோல் கம்பெனிகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. பிறகு வெளிநாட்டு ஷூ நிறுவனங்கள் தங்கள் பங்குக்குத் தணிக்கையாளர்களை அனுப்பத் தொடங்கின. 2005இல் உருவான லெதர் வொர்க்கிங் குரூப் என்ற தோல் தொழில் அமைப்பின் மதிப்பீடு இல்லாமல் பெரிய ஆர்டர் கிடைப்பது கடினம் என்ற நிலை வந்தது. குறையே இல்லாத உலகம் ஒன்றும் அல்ல. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச்சேறு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்து 10 தொழிலாளர்கள் மூழ்கி இறந்தார்கள். சேமித்து வைப்பதில் காட்டும் அசட்டை என்ன செய்யும் என்பதை இந்த வட்டாரம் அளவுக்குக் கண்கூடாகப் பார்த்த வட்டாரம் வேறு இருக்காது.

இன்று ஒழுங்காக நடக்கும் ஒரு ஃபினிஷிங் பிரிவின் கெமிக்கல் ஸ்டோருக்குப் போனால் வித்தியாசம் கண்ணில் படும். தின்னர் டிரம்கள் தரையில் நிற்பதில்லை. கசிந்தால் தாங்க அடியில் தொட்டிபோன்ற தட்டு. ஒவ்வொரு டிரம்மிலும் சரக்கின் பெயர், வந்த தேதி, காலாவதித் தேதி, தீ அல்லது மண்டையோட்டுக் குறி. சுவரில் தமிழில் எழுதிய பாதுகாப்புத் தாள். டிரம்மிலிருந்து சரக்கை எடுக்க வாயால் உறிஞ்சி ட்யூப் போடும் பழக்கம் போய், கைபம்ப் வந்துவிட்டது. ஊற்றும்போது டிரம்மையும் கேனையும் ஒரு செம்புக் கம்பியால் இணைக்கிறார்கள். நிலைமின் பொறி பறந்து தீப்பிடிக்கக் கூடாது என்பதற்காக. கண்ணளவு கிடையாது, எலக்ட்ரானிக் தராசில் கிராம் கணக்கு. முதலில் வந்தது முதலில் செலவாக வேண்டும். காலி டிரம்மைக்கூட இஷ்டத்துக்கு விற்க முடியாது. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் ரசாயனம் படிந்த காலி டிரம்மும் அபாயகரக் கழிவுதான்.

அந்தக் கம்பெனி வாசலிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் பின்சார்ப்புக்கு வருவோம். கல்நார் கூரை. சுவரில் ஒரு பலகை. அதில் சீலர் டின், மூடி நசுங்கிச் சரியாக உட்காரவில்லை. விளிம்புப் பள்ளத்தில் காய்ந்த சீலர் தடித்திருக்கிறது. பக்கத்தில் மினரல் வாட்டர் பாட்டில்கள் நாலைந்து. ஒன்றில் தின்னர், ஒன்றில் டர்பன்டைன், ஒன்றில் பிரஷ் கழுவிய கலங்கல். மூன்றும் ஏறத்தாழ ஒரே நிறம். ஒன்றின் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டிருக்கிறது, பீய்ச்சி எடுக்க வசதியாக. ஒரு குவார்ட்டர் பாட்டிலில் பியூவுக்கான ஹார்டனர். அதே பலகையின் ஓரத்தில் குடிக்கிற தண்ணீர் பாட்டிலும் இருக்கிறது.

இவை எப்படி அங்கே வந்தன என்பதைத் தெரிந்துகொள்ளக் கடை வாசலில் ஐந்து நிமிடம் நின்றாலே போதும்.

“பாய், தின்னர் ஒரு அரை லிட்டர் குடுங்க.”

“பாட்டில் கொண்டாந்தியாப்பா?”

“இல்லையே பாய்.”

“சரி, இதுல ஊத்தித் தர்றேன். மூடியை இறுக்கிப் புடிச்சிக்கோ.”

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஒரு லிட்டர் டின் வாங்க வசதியில்லாதவருக்கு அரை லிட்டர் உதிரியாகக் கிடைப்பது பெரிய உதவி. ஆனால் அந்த ஒரு கணத்தில் சரக்கின் பெயர், தேதி, எச்சரிக்கைக் குறி எல்லாம் கடையிலேயே தங்கிவிடுகின்றன. வீட்டுக்கு வருவது பெயரில்லாத ஒரு திரவம், அதுவும் குடிக்கும் பாத்திரத்தில்.

சட்டம் இதை அனுமதிக்கிறதா என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம், எளிதில் தீப்பிடிக்கும் முதல் வகை திரவத்தை விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ள விடுகிறது. ஆனால் எதில் வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நன்றாக மூடிய கண்ணாடி அல்லது பீங்கான் ஜாடி என்றால் 1 லிட்டருக்கு மேல் கூடாது. உலோகம் என்றால் 25 லிட்டருக்கு மேல் கூடாது. டொலுவின் கலந்த தின்னர் அந்த வகையில்தான் வரும். மெல்லிய தண்ணீர் பாட்டிலுக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. காரணமும் தெளிவு. தின்னரில் இருக்கும் சில கரைப்பான்கள் நெகிழியை இளக்கும், மூடியின் திருகு தளரும், ஆவி வெளியே கசிந்துகொண்டே இருக்கும்.

வெயிலையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு திரவத்தின் ஆவி எந்த வெப்பநிலையில் ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளுமோ அதைத் தீப்பற்று நிலை என்கிறோம். டொலுவினுக்கு அது 4 டிகிரி, ஸ்பிரிட்டுக்கு 13 டிகிரியை ஒட்டி. இவை இரண்டும் இந்த ஊரில் மார்கழியிலும் பற்றக்கூடிய நிலையிலேயே இருக்கின்றன. டர்பன்டைன் என்று கடையில் விற்கும் பெட்ரோலிய எண்ணெய்க்கு 40 டிகிரிக்குச் சற்று முன்பின். குளிர்நாட்டுப் புத்தகங்கள் அதை ஓரளவு சாதுவான சரக்கு என்று எழுதும். கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுகிறது. கல்நார் கூரைக்குக் கீழே அதைவிடக் கூடுதல். அங்கே எழுதியதை நம்பி இங்கே வைக்க முடியாது. அடுப்படிக்கும் சார்ப்புக்கும் நடுவில் ஒரு கதவுதான் என்றால் இன்னும் மோசம்.

அடுத்தது விஷம். 2023 மே மாதம் செங்கல்பட்டு, விழுப்புரம் மாவட்டங்களில் 20க்கும் மேற்பட்டவர்கள், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டவர்கள் கள்ளச்சாராயம் குடித்து மாண்டார்கள். காரணம் மெத்தனால். தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் அதே மெத்தனால்தான். மலிவான சில தின்னர்களிலும் அது கலந்திருப்பது உண்டு. 10 மில்லி அளவே ஒருவரின் பார்வையைப் பறிக்கக்கூடும். விளையாடிவிட்டு ஓடிவந்து, கண்ணில் பட்ட தண்ணீர் பாட்டிலைத் திறந்து வாயில் கவிழ்க்கும் ஒரு குழந்தைக்கு ஒரு மடக்கே பேராபத்து. மண்ணெண்ணெயும் தின்னரும் குடித்துவிட்ட பிள்ளைகளைக் கொண்டுவராத அரசு மருத்துவமனை தமிழ்நாட்டில் இருக்காது. அரக்கைப் பூட்டி வைத்த தாத்தாவின் வீட்டில், பேரன் காலத்தில் இது நடக்கிறது என்பதுதான் என்னைக் கோபப்படுத்துகிறது.

பியூ ஹார்டனரின் கதை தனி. அதில் இருக்கும் ஐசோசயனேட் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து கெட்டியாகும். அப்போது கரியமில வாயு உண்டாகும். சரியாக மூடாத டப்பாவில் ஈரம் புகுந்தபின் இறுக்கி மூடினால் டப்பா உப்பி வெடிக்கவும் செய்யலாம். கலந்த பிறகு மிஞ்சியதை மூடி வைப்பதும் அதே ஆபத்து. டப்பாவில் போட்டிருக்கும் விகிதத்தைக் கண்ணளவில் கலப்பதால்தான் பல கட்டில்கள் மாதக்கணக்கில் பிசுபிசுக்கின்றன. சில நூறு ரூபாய்க்கு இப்போது எலக்ட்ரானிக் தராசு கிடைக்கிறது. கம்பெனி ஸ்டோரிலிருந்து வீட்டுப் பட்டறைக்கு ஒரே ஒரு சாமான்தான் கொண்டுவர முடியும் என்றால் நான் அந்தத் தராசைத்தான் சொல்வேன்.

எண்ணெய் வகைக்கு எதிரி காற்று. ஆளிவிதை எண்ணெயும் வார்னிஷும் பிராணவாயுவை இழுத்துத்தான் காய்கின்றன. டின் பாதி காலியானால் மீதிப் பாதியில் இருக்கும் காற்று போதும், மேலே ஆடை கட்டிவிடும். வெளிநாடுகளில் டின்னுக்குள் ஆர்கான் வாயுவை அடித்து மூடுகிறார்கள். அமுக்கிக் காற்றை வெளியேற்றும் பைகளும் விற்கிறார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மிச்சத்தைச் சின்னப் புட்டிகளில் கழுத்துவரை நிரப்பி வைத்தால் போதும். புட்டி பெரிதாக இருந்தால் கழுவிக் காயவைத்த கோலிக்குண்டுகளைப் போட்டு மட்டத்தை உயர்த்தலாம். டின்னின் விளிம்புப் பள்ளத்தில் ஆணியால் நாலு துளை போட்டுவிட்டால், வழியும் சரக்கு உள்ளேயே இறங்கும். மூடியும் சரியாக உட்காரும்.

அந்த எண்ணெய் துடைத்த கந்தைதான் எல்லாவற்றிலும் நயவஞ்சகமானது. சுருட்டி மூலையில் எறிந்தால், காயும்போது பிறக்கும் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஏறி, யாரும் தீ வைக்காமல் தானே பற்றும். பஞ்சு மெத்தை, மரத்தூள், தோல்வெட்டுகள் கிடக்கும் சார்ப்பில் நடுராத்திரி அது நடந்தால் என்ன ஆகும்? கொடியில் விரித்துக் காயப்போட வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் வாளியில் அமிழ்த்த வேண்டும்.

தச்சுப் பட்டறை மட்டும்தான் இந்த ஊர்களில் வீட்டோடு இருக்கும் தொழில் என்று நினைத்துவிடக் கூடாது. ஆம்பூரைச் சுற்றி எத்தனையோ பெண்கள் ஷூவின் மேல்பாகத்தை வீட்டில் உட்கார்ந்து கையால் தைத்துக் கொடுக்கிறார்கள். ஒட்டு வேலை செய்யும் வீடுகளில் சொல்யூஷன் டப்பா திண்ணையிலேயே இருக்கும். கம்பெனிக்குள் அதே பசைக்குக் காற்றை இழுக்கும் குழாயும் மூடியுள்ள டப்பாவும் கேட்கும் தணிக்கையாளர் திண்ணைக்கு வருவதில்லை. தச்சர், ஒட்டுக்காரர், பெயின்டர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் சமைத்துத் தூங்கும் மனிதர்கள். தோலுக்குக் காட்டும் அக்கறையில் பாதியை அவர்களுக்குக் காட்டினால் போதும். ஏற்றுமதிச் சங்கங்களும் தீயணைப்புத் துறையும் மாவட்டத் தொழில் மையமும் மனம் வைத்தால், உதிரித் தின்னருக்கென்று பெயர் அச்சிட்ட ஒரு லிட்டர் தகர டின்னைக் கடைகளில் புழக்கத்துக்குக் கொண்டுவருவது பெரிய காரியமல்ல. காலி டின்னைத் திருப்பிக் கொடுத்தால் பணம் என்றால் ஒரே வருஷத்தில் வழக்கமாகிவிடும். சோடா புட்டிக்கு டெபாசிட் கட்டி வாங்கிய ஊர்கள்தானே இவை.

அதுவரை செய்யக்கூடியது நம் கையில் இருக்கிறது. அரக்குப் பாலிஷுக்குக் கண்ணாடி. எண்ணெய்க்கும் தின்னருக்கும் தகரம். இப்போது வரும் தண்ணீரில் கரையும் பாலிஷுக்கு மட்டும் நெகிழி, ஏனென்றால் தகரம் துருப்பிடித்து நிறத்தைக் கெடுக்கும். எதில் ஊற்றினாலும் வெளியே பெயரும் ஊற்றிய தேதியும். கீழ்த்தட்டில் கனமானது, மேல்தட்டு காலி, அலமாரிக்குப் பூட்டு. மீந்ததைத் திரும்ப ஊற்றாதீர்கள்.

இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் உங்கள் வீட்டுச் சார்ப்பையோ மொட்டைமாடி அறையையோ பாருங்கள். தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ தண்ணீரல்லாத ஏதாவது இருந்தால், இன்றே அதற்கேற்ற பாத்திரத்துக்கு மாற்றிப் பெயர் எழுதி ஒட்டுங்கள். காலி பாட்டிலை ஓட்டை போட்டுவிட்டு எறியுங்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். குடித்த சரக்கின் டின்னையும் கையோடு எடுத்துக்கொண்டு 108ஐ அழையுங்கள்.